பழைய மெஷின் வாங்கப் போகிறவர் கையில் ஒரு தராசு இருக்கட்டும்

நமது சங்க இதழில் சரக்கு விலை, வரி விவகாரம், சங்கக் கூட்ட நடவடிக்கை ஆகியவற்றைப் படித்துப் பழகிய அன்பர்களுக்கு இந்த மாதம் நாம் எழுதப் புகுந்திருக்கும் விஷயம் சற்று விநோதமாகத் தோன்றலாம். டென்னிஸ் பேட், ஷட்டில் பேட் ஆகியவற்றுக்குக் கட் போடும் மெஷினைப் பழையதாக வாங்குவது பற்றி எழுதப் போகிறோம். பருப்பு மூட்டையோடு நாற்பது வருடம் காலம் தள்ளியவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை வந்து சேர்ந்தது. பணமும் போயிற்று. போன பணத்தில் பாதியாவது மற்ற வியாபாரிகளுக்கு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

செய்யூர் கடைத்தெருவில் நமது தங்கை மகன் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். நோட்டுப் புத்தகம், பேனா, ஜெராக்ஸ், பிறந்தநாள் சாமான், அதோடு கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, ஷட்டில் பேட். கடந்த சில வருடங்களாக அவர் சொல்லி வந்த குறை நம் எல்லோருக்கும் உள்ள குறைதான். "மாமா, பசங்க கடைக்கு வந்து பேட்டைக் கையில எடுத்துப் பார்க்கிறாங்க, விலை கேட்கிறாங்க, போன்ல போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. நாலு நாள் கழிச்சு அதே பேட் பார்சல்ல வருது." மளிகையிலும் இதே கதிதான். ஆனால் ஒரு வித்தியாசம். பார்சலில் வந்த பேட்டின் கட் அறுந்தால் அதைப் பார்சலில் திருப்பி அனுப்பிக் கட்டிக்கொள்ள முடியாது. உள்ளூரில் ஒருவர் உட்கார்ந்து, கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல், நெடுக்கும் குறுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். செய்யூரில் அப்படி ஒருவர் இல்லை. மதுராந்தகம் அல்லது செங்கல்பட்டு போக வேண்டும். போக ஒரு நாள், வாங்கி வர ஒரு நாள். ஆகவே, எங்கே வாங்கிய பேட்டாக இருந்தாலும் கட்டுக்கு நம் கடைக்குத்தான் வரவேண்டும் என்று மருமகன் போட்ட கணக்கு தப்பில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கைச் சரி என்றே சொல்வோம்.

ஆட்டமும் பெருகித்தான் இருக்கிறது. நமது சிறு வயதில் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் ஷட்டிலைக் காட்டிலும் பூப்பந்துதான் அதிகம். மஞ்சள் கம்பளி நூல் பந்து. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் ஆடிய ஆட்டம் அது என்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். பள்ளிக்கூடத்து பேட்டுகளை மரத்தடியில் குவித்து வைத்துக்கொண்டு, குத்தூசியால் துளையை அடைத்து, கட்டையில் கட்டைச் சுற்றிக் கையாலேயே இழுத்துக் கட்டுவார். இழுத்து முடித்ததும் விரலால் தட்டி ஓசை கேட்பார். ஆட்டுக் குடலில் செய்த கட் அப்போது இருந்தது. பிற்பாடு நைலான் வந்தது. அவருக்கு மெஷினும் கிடையாது, அளவும் கிடையாது. காதுதான் அளவு.

இப்போது ஷட்டில் காலம். 2012-ல் சாய்னா, 2016-ல் சிந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பிறகு ஊருக்கு ஊர் விளக்குப் போட்டு ஆடுகிறார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பெண் துளசிமதி வெள்ளியும், திருவள்ளூர்ப் பெண் மனீஷா வெண்கலமும் ஒரே பிரிவில் வாங்கி வந்தார்கள். அந்த வாரம் மருமகன் கடையில் இருந்த பேட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தது.

இனி மெஷின் வந்த கதை.

சென்னையில் கடையை மூடும் ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரி கட் மெஷின் விற்கிறார் என்று தரகர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. சென்னை டென்னிஸ் ஊர். ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டனில் அரையிறுதி வரை போனவர். நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை வருடந்தோறும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். ஆகவே அங்கே பழைய மெஷின் கிடைப்பதில் அதிசயம் இல்லை. மருமகன் நம்மிடம் சொல்லாமலே போய், 22,000 ரூபாய் கொடுத்து, சின்ன யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இறக்கும்போதுதான் நாம் பார்த்தோம். புதுப் பெயின்ட் பளபளத்தது. "டென்னிஸ் மெஷின் மாமா, ஹெவி டூட்டி. ஷட்டிலுக்கும் போடலாம்னு சொன்னாரு." பில் எங்கே என்று கேட்டோம். துண்டுச் சீட்டு ஒன்றைக் காட்டினார்.

இரண்டு மாதம் ஓடியது. முப்பத்தொரு பேட் கட்டியிருந்தார். நோட்டில் பெயர், தேதி, எத்தனை ராத்தல் இழுப்பு என்றெல்லாம் எழுதி வைத்திருந்தது அவருடைய நல்ல பழக்கம். அதுதான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

ராத்தல் என்றதும் பெரியவர்களுக்குப் புரிந்திருக்கும். 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து சேர், வீசை, பலம், ராத்தல் எல்லாம் கடைத்தெருவை விட்டுப் போய்விட்டன. ஆனால் பேட் கட்டும் உலகத்தில் இன்றும் பவுண்டு, அதாவது நம் பழைய ராத்தல்தான். ஒரு ராத்தல் ஏறக்குறைய 454 கிராம். சாதாரணமாக ஆடுகிறவருக்கு ஷட்டில் பேட்டில் 20 முதல் 24 ராத்தல் வரை இழுப்பார்கள். 24 ராத்தல் என்றால் 10 கிலோ 886 கிராம். டென்னிஸ் பேட்டில் 50 முதல் 60 ராத்தல், அதாவது 23 முதல் 27 கிலோ வரை இழுப்பு. விம்பிள்டனைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஸ்வீடன் நாட்டு போர்க், மர பேட்டிலேயே 80 ராத்தல் வரை இழுத்துக் கட்டச் சொல்வாராம். இராத்திரியில் அறையில் வைத்த பேட்டின் கட் தானாகவே படீரென்று அறும் என்பார்கள். எந்த பேட் எத்தனை ராத்தல் தாங்கும் என்பது பேட்டின் பிரேமிலேயே அச்சிட்டிருக்கும். எண்ணெய் டின்னில் எடை போட்டிருப்பதுபோல.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடை மூடும் நேரம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், நம்மிடம் மாத மளிகை வாங்குகிறவர், பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் செங்கல்பட்டில் பள்ளிக்கூடப் போட்டி. அன்று சாயங்காலம்தான் மருமகன் கட் போட்டுக் கொடுத்த பேட். தலைப்பக்கம் பிரேமில் கோடு விழுந்திருந்தது. ஆடிப் பார்க்கலாம் என்று நாலு அடி அடித்ததும் மடங்கிவிட்டது. பேட் 2,800 ரூபாய். அந்த வீட்டில் அது எத்தனை நாள் கூலி என்று நமக்குத் தெரியும். பெண் ஒன்றும் பேசவில்லை. பேட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மருமகன் சுவரைக் காட்டினார். "கட் போடும்போது பிரேம் உடைந்தால் கடை பொறுப்பல்ல" என்று எழுதி ஒட்டியிருந்தது. எல்லா ஊரிலும் இப்படி எழுதி ஒட்டுவது வழக்கம்தான். பழைய பேட்டில் முன்பே விரிசல் இருந்திருக்கலாம். கட்டுகிறவர் என்ன செய்வார்? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் மெஷின் சரியாக இழுக்கிறது என்றால்தான் செல்லும். "உன் மெஷின் 24-ன்னா 24 தான் இழுக்குதா? எடை போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டோம். விழித்தார். மெஷினில் முள் 24-ல் நிற்கிறதே என்றார்.

அன்றிரவே நமது கடையிலிருந்து கொக்கித் தராசு வரவழைத்தோம். முத்திரை இல்லாத அந்தத் தராசில் நாம் சரக்கு விற்பதில்லை, விற்கவும் கூடாது. கோணியைத் தூக்கிக் குத்துமதிப்பாகப் பார்க்க வைத்திருப்பது. முதலில் அந்தத் தராசையே சோதித்தோம். முத்திரையிட்ட 10 கிலோ கல்லும் 1 கிலோ கல்லும் சேர்த்துத் தொங்கவிட்டால் 11 கிலோ காட்ட வேண்டும், காட்டியது. பிறகு தராசின் ஒரு முனையை மெஷினின் சட்டத்தில் அசையாமல் கட்டி, மறு முனையிலிருந்து ஒரு முழம் கட்டை மெஷினின் இழுப்பு வாயில் கொடுத்து, முள்ளை 24-ல் வைத்து இழுத்தோம். 13 கிலோ 200 கிராம். அதாவது 29 ராத்தலுக்கும் மேல். மறுபடி இழுத்தோம். மீண்டும் 13 கிலோ சொச்சம்.

மருமகன் முகம் மாறிவிட்டது. சுவரில் இருந்த அறிவிப்பை அவரே கிழித்தார். அந்தப் பெண்ணுக்குக் கடையில் இருந்ததில் நல்ல பேட்டாக ஒன்றைக் கொடுத்தனுப்பி, உடைந்த பேட்டுக்குப் பதில் அதே பேட்டை அடுத்த வாரம் வரவழைத்தும் கொடுத்தோம். பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முப்பத்தொரு பேருக்கும் போன் செய்தோம். "பேட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள், இழுப்பில் தப்பு நடந்திருக்கிறது" என்று சொல்லச் சொன்னோம். போன் செய்ய மருமகனுக்கு மனம் வரவில்லை. ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்றார். தெரியத்தான் தெரிந்தது. இருபத்தாறு பேர் கொண்டுவந்தார்கள். இரண்டு பேட்டில் மயிரிழை விரிசல்.

இத்தனை அதிகம் இழுத்தும் ஆடுகிறவர்கள் ஏன் முன்பே சொல்லவில்லை? இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வாரம் ஆயிற்று. விஷயம் இதுதான். மெஷினில் கட்டை இழுப்பது ஒரு பகுதி. இழுத்த கட்டைத் தளராமல் கவ்விப் பிடிப்பது இன்னொரு பகுதி. கவ்விப் பிடிப்பதைக் கிளாம்ப் என்கிறார்கள். டென்னிஸ் கட் 1.25, 1.30 மில்லிமீட்டர் பருமன். ஷட்டில் கட் 0.65 முதல் 0.70 தான், ஏறக்குறையப் பாதி. டென்னிஸ் கிளாம்பின் பல் ஷட்டில் கட்டைச் சரியாகக் கவ்வாது. இழுத்தது 29, கிளாம்பில் வழுக்கிப் போனது நாலைந்து. ஆகக் கட்டி முடித்த பேட்டைத் தட்டிப் பார்த்தால் 24 போலத்தான் இருக்கும். ஆனால் இழுக்கும் நேரத்தில் பிரேம் தாங்கியது 29. கல்லிலும் தப்பு, தட்டிலும் தப்பு, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டால் அந்தத் தராசு சரி என்றே தோன்றும் அல்லவா? அதே கதை.

மூன்றாவதாக ஒரு குறையும் இருந்தது. பேட்டை மெஷினில் பொருத்தும்போது தலை, கால் இரண்டு இடத்தில் மட்டும் பிடித்தால் போதாது. நெடுக்குக் கட்டுகளை முதலில் இழுக்கும்போது பிரேம் மேலும் கீழும் அமுங்கிப் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். அதற்காகப் பக்கத்துக்கு இரண்டாகத் தாங்கிகள் இருக்க வேண்டும். இந்த மெஷினில் தாங்கிக்கான துளை இருந்தது, தாங்கி இல்லை. பெயின்ட் அடித்தவர் துளையையும் சேர்த்து அடித்து மூடிவிட்டார். டென்னிஸ் பேட்டின் பிரேம் கனமானது, ஓரளவு பொறுக்கும். தொண்ணூறு கிராம்கூட இல்லாத ஷட்டில் பேட் பொறுக்குமா?

விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. டென்னிஸ் மெஷினை டென்னிஸ் மெஷின் என்றுதான் விற்றார். வாங்கியவர்தான் பெயின்ட்டைப் பார்த்து வாங்கினார்.

இரண்டாவது மெஷின் வாங்க நாமும் கூடப் போனோம். போகுமுன் விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, மெஷின் வகைகளைத் தெரிந்துகொண்டோம். மூன்று வகை. ஒன்று கைப்பிடி சுற்றுவது. உள்ளே வில் சுருள் இருக்கும். வைத்த அளவு வந்ததும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். வேகமாக வேலை நடக்கும். ஆனால் பூட்டிய பிறகு கட் கொஞ்சம் நீளும், இழுப்பு அந்த அளவுக்குக் குறையும். சுருள் நாளடைவில் மாறும்; அவ்வப்போது தராசு வைத்துத் திருகாணியைத் திருத்த வேண்டும். மருமகன் வாங்கியது இந்த வகை. இரண்டாவது மின்சார மெஷின். கட் நீண்டாலும் மோட்டார் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் போர்டு போனால் செய்யூரில் யார் பார்ப்பது? வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின் என்றால் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்பதையும் பார்க்க வேண்டும். பார்க்காமல் சொருகினால் அன்றோடு சரி.

மூன்றாவது வகையைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. நம் பாட்டன் காலத்து வெள்ளிக்கோல்! ஒரு நீண்ட கோல், அதில் நகர்த்தி வைக்கும் ஒரு குண்டு. கோலில் ராத்தல் கோடு கிழித்திருக்கும். குண்டை 24-ல் வைத்து விட்டால் கோல் மெதுவாக இறங்கிப் படுக்கை மட்டத்துக்கு வந்து நிற்கும். மட்டத்தில் நின்றால் இழுப்பு சரி. மேலேயோ கீழேயோ நின்றால் குறைவு. கட்டைத் திரும்பக் கொடுத்து மறுபடி விட வேண்டும். சுருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. பூமி இழுக்கிற இழுப்பு செய்யூரிலும் சென்னையிலும் ஒன்றுதான். குறை என்னவென்றால் மெதுவாகத்தான் வேலை நடக்கும். கைப்பிடி மெஷினில் அரை மணிக்குள் முடிகிற பேட் இதில் முக்கால் மணி, ஒரு மணிகூட ஆகும். மருமகன் தயங்கினார். "ஒரு நாளைக்கு உனக்கு வர்றது ரெண்டு பேட்டு. அவசரம் எதுக்குப்பா?" என்றோம்.

குரோம்பேட்டையில் ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டிலேயே பேட் கட்டிக் கொடுப்பவர், மின்சார மெஷின் வாங்கிவிட்டதால் குண்டு மெஷினைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பையில் கொக்கித் தராசு, மார்க்கர் பேனா, பத்து மீட்டர் ஷட்டில் கட், உடைந்த ஒரு பேட். நமது கையில் தராசைப் பார்த்ததும் அந்த வீட்டம்மா, பழைய பேப்பர்காரர் என்று நினைத்து, "பேப்பர் போன வாரமே போட்டாச்சுங்க" என்றார்.

முதலில் குண்டைக் கழற்றி எடை பார்த்தோம். பழைய மெஷினில் குண்டு தொலைந்து வேறு குண்டு மாட்டியிருந்தால் கோலில் உள்ள அத்தனை கோடும் பொய்யாகிவிடும். மெஷினோடு வந்த புத்தகத்தில் குண்டின் எடை போட்டிருந்தது, ஒத்துப் போயிற்று. பிறகு தராசை மாட்டி 20-ல் ஐந்து முறை, 24-ல் ஐந்து முறை, 28-ல் ஐந்து முறை இழுத்துப் பார்த்தோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து முறையும் ஒரே மாதிரி அரை ராத்தல் கூட இழுத்தால் அந்த மெஷினை வாங்கலாம். அரை ராத்தல் கழித்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஒரு முறை கூட, ஒரு முறை குறைவு என்று மாறி மாறி வந்தால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது. கோல் சுழலும் இடத்தில் துருவோ தேய்மானமோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த மெஷின் ஒரே மாதிரி இழுத்தது.

அடுத்து கிளாம்ப். ஷட்டிலுக்கு உரிய மெல்லிய பல் உள்ளதா என்று பார்த்துக்கொண்டு, கட்டை இழுத்துக் கவ்வ வைத்து, கவ்விய இடத்தை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டோம். இழுப்பை விட்டதும் கோடு நகர்ந்தால் வழுக்குகிறது. ஒரு கிளாம்பில் நகரவில்லை. மற்றதில் ஒரு நூல் அளவு நகர்ந்தது. நாம் வாயைத் திறக்குமுன் அவரே, "அதுல ஸ்பிரிங் தளர்ந்திருக்கு சார், மாத்தணும்" என்றார். குறையைத் தானே சொல்கிற விற்பனையாளரைக் கண்டால் நமக்கு அரை மனம் அங்கேயே விழுந்துவிடும். அதற்காக மீதிச் சோதனையை விட்டுவிடவில்லை. உடைந்த பேட்டைப் பொருத்தி ஆறு இடத்துத் தாங்கியும் படிகிறதா என்று பார்த்தோம். சுழல்மேடையைச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டோம். கிளாம்ப் ஓடும் தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தோம். நம் ஊர் உப்புக் காற்று அன்பர்களுக்குத் தெரியாததல்ல. கடப்பாக்கம், ஓதியூர்ப் பக்கம் இரும்புக் கதவு எத்தனை வருடம் வருகிறது? கடலோரத்து வீட்டில் வருடக்கணக்கில் நின்ற மெஷினில் தண்டவாளம் சொறி பிடித்திருக்கும். கிளாம்ப் வழுக்கி ஓடாது. பெயின்ட் அடித்தால் மறையும், விரலுக்கு மறையாது.

16,000 சொன்னார். ஸ்பிரிங் செலவைக் காட்டி 14,500-க்கு முடித்தோம். அவர் கையாலேயே ஒரு பேட் முழுதும் கட்டிக் காட்டச் சொல்லி, மருமகனை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியாக விலை போட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.

பில் விஷயம். தனி மனிதர் வீட்டுச் சாமானை விற்கும்போது ஜி.எஸ்.டி. பில் வராது. கையெழுத்திட்ட ரசீதும், பணத்தை வங்கி மூலம் கொடுத்த அத்தாட்சியும் போதும். பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் வரியோடு பில் கட்டாயம் கேளுங்கள். முறையான பதிவில் இருப்பவர் வரிக் கழிவு எடுக்கலாம், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்குக் கழிவு கிடையாது. காம்போசிஷனில் உள்ளவர் கட் போடும் கூலி வாங்கலாமா என்று மருமகன் ஆடிட்டரிடம் கேட்டார். கூலி என்பது சேவை. முந்தைய வருட விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை சேவை செய்யலாம் என்று பதில் வந்தது. ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும்.

இனி வரவு செலவு. கட்டைப் பாக்கெட்டாக வாங்கினால் ஒரு பேட்டுக்கு ஒன்று, பத்து மீட்டர். 200 மீட்டர் சுருளாக வாங்கினால் கழிவு போகாமல் பார்த்துக்கொண்டால் இருபது பேட். மூட்டையாக வாங்கிச் சில்லறை விற்கும் நமக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சுருளை வெளியே தொங்கவிட்டால் தூசியும் வெயிலும் கெடுக்கும். மருமகன் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைக்கிறார். கூலி 150 ரூபாய் வைத்திருக்கிறார். மாதம் முப்பது, நாற்பது பேட் வருகிறது. பரீட்சை மாதங்களில் பத்துகூட வராது. குண்டு மெஷின் போட்ட முதல் எட்டு மாதத்தில் வெளிவந்துவிட்டது. கட் போட வருகிறவர் சும்மா போவதில்லை, பிடித்துணியோ ஷட்டில் டப்பாவோ வாங்குகிறார். அந்த லாபத்தை இதில் சேர்க்கவில்லை.

சுவரில் பழைய அறிவிப்பு இருந்த இடத்தில் இப்போது ஆணி அடித்துக் கொக்கித் தராசு தொங்குகிறது. திங்கட்கிழமை காலையில் ஒரு முறை இழுத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். பேட்டைக் கொடுக்கும்போது தேதியும் ராத்தலும் எழுதிய சீட்டைப் பிடியில் ஒட்டிக் கொடுக்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் அவர் கண் முன்னாலேயே தராசை மாட்டிக் காட்டுகிறார். பிரேமில் போட்ட அளவுக்கு மேல் இழுக்கச் சொல்லிப் பையன்கள் வற்புறுத்தினால் செய்வதில்லை. இதனால் போன வாடிக்கை நாலைந்து உண்டு, போகட்டும். உப்பளத்துக்காரர் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறாள். 22 ராத்தல்.

அந்த டென்னிஸ் மெஷின் மூன்று மாதம் நமது கோடவுனில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. சுருளின் திருகாணியைத் திருத்தி, 50-லும் 60-லும் சரியாக இழுக்கும்படி செய்தோம். தாங்கிகள் புதிதாக வாங்கிப் போட்டோம். ஷட்டிலுக்கு ஆகாது, டென்னிஸுக்கு மட்டும் என்று அட்டையில் எழுதிக் கட்டி, சென்னையில் சிறுவர்களுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கும் ஒருவருக்கு 15,000-க்குக் கொடுத்தோம். எங்கெங்கே என்ன குறை இருந்தது, என்ன மாற்றினோம் என்பதை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். அவர் அதைப் படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க, ஒரு தடவை நானும் இழுத்துப் பார்த்துடறேன்" என்று தன் பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார்.